கோணம் மூடுகிறது, தூரம் 1.16 மீட்டர் தள்ளிப் போகிறது: பௌடிச் போட்டு முடித்துவிடலாமா?

குன்னூர்ப்பையன்:

வணக்கம். டிப்ளமோ சிவில் முடித்துவிட்டு மூன்று வருடமாகத் தனியாரில் சர்வே வேலை பார்க்கிறேன். ஊட்டிக்குப் பக்கத்தில் ஒரு கிராமச் சாலையை அகலப்படுத்தப் போகிறார்கள். அதற்கான கண்ட்ரோல் டிராவர்ஸ் (புள்ளிக்குப் புள்ளி கோணமும் தூரமும் அளந்துகொண்டே போகும் அடிப்படை அளவை) என் பொறுப்பு. சாலை சராசரியாகக் கடல்மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்தில் போகிறது. ஒரு பக்கம் தேயிலை, மறுபக்கம் பள்ளம், நடுவில் இரண்டு கொண்டை ஊசி வளைவுகள்.

சாலையின் தொடக்கத்தில் ஜிபி1, ஜிபி2, முடிவில் ஜிபி3, ஜிபி4 என நான்கு புள்ளிகளை வேறொரு குழு டிஜிபிஎஸ் (துல்லியமான செயற்கைக்கோள் கருவி) வைத்து எடுத்துக் கொடுத்தது. எல்லாம் யூடிஎம் (உலக வரைபடக் கட்டம்) 43ஆம் மண்டலத்தில். நான் ஜிபி2வில் தொடங்கி ஜிபி3 வரை 24 லெக் (ஒரு ஸ்டேஷனிலிருந்து அடுத்ததுக்குப் போகும் துண்டு) ஓட்டினேன். மொத்த நீளம் 3,120 மீ. ஜிபி2க்கும் ஜிபி3க்கும் நேர்கோட்டில் 2,400 மீ., அந்தக் கோட்டின் பேரிங் (வடக்கிலிருந்து அளக்கும் திசைக்கோணம்) 54 டிகிரி. கருவி, கோணமும் தூரமும் அளக்கும் 5 விநாடி டோட்டல் ஸ்டேஷன். கோணங்களை இரண்டு ஃபேஸிலும் எடுத்தேன்.

கோணக் குளோசிங், அதாவது முடிவில் மூடாமல் மிஞ்சும் பிழை, 18 விநாடி. 25 ஸ்டேஷனுக்கு இது நல்லதுதான் என்று நினைக்கிறேன். ஆனால் கோணத்தைச் சரிசெய்து ஆயத்தொலைவு போட்டுப் பார்த்தால், ஜிபி3 கொடுக்கப்பட்டதைவிடக் கிழக்கே 0.89 மீட்டரும் வடக்கே 0.75 மீட்டரும் தள்ளி வருகிறது. மொத்தம் 1.16 மீ. விகிதம் 1:2,700தான்.

எனக்குப் புரியாதது இதுதான். அதே வாரத்தில் அதே ஊர் பஸ் நிறுத்தத்தைச் சுற்றி 900 மீட்டருக்கு ஒரு மூடிய டிராவர்ஸ் ஓட்டினேன். அதே கருவி, அதே பிரிஸம் (கருவியின் ஒளியைத் திருப்பி அனுப்பும் கண்ணாடி), அதே ஆட்கள். 8 லெக், 32 மி.மீ.இல் மூடியது. 1:28,000! கருவியில் கோளாறு இருந்தால் அங்கேயும் தெரிந்திருக்க வேண்டுமே?

அதனால் டிஜிபிஎஸ் புள்ளிகள்தான் தப்பு என்று சந்தேகப்பட்டேன். ஜிபி1–ஜிபி2 தூரத்தை டோட்டல் ஸ்டேஷனில் அளந்தேன். 186 மீட்டர் தூரம், ஆயத்தொலைவிலிருந்து வருவதைவிட 7.6 செ.மீ. கூட. ஜிபி3–ஜிபி4, 212 மீட்டர், அங்கே 8.2 செ.மீ. கூட.

ஒரு இலவச மென்பொருளில் லீஸ்ட் ஸ்கொயர்ஸும் (அளவுகளின் நம்பகத்துக்கு ஏற்றபடி பிழையைப் பங்குபோடும் முறை) போட்டுப் பார்த்தேன். ஆயத்தொலைவு வந்துவிட்டது, ஆனால் தூரங்களுக்கு 4, 5 செ.மீ. வரை திருத்தம் காட்டுகிறது. அலுவலகத்தில் கேட்டால் "அட்ஜஸ்ட் பண்ணி அனுப்பு, டிராயிங் நாளைக்கு வேணும்" என்கிறார்கள். பௌடிச் போட்டு (மூடாத பிழையை எல்லா லெக்குக்கும் நீளத்துக்கு ஏற்றபடி பங்குபோட்டு) அனுப்பிவிடலாமா, மறுபடி ஓட்ட வேண்டுமா? மழை வேறு பிடித்துக்கொண்டிருக்கிறது.


அமராவதிக்கரை:

கிராமச் சாலைதானே தம்பி. பௌடிச் போட்டு அனுப்புங்கள். டிஜிபிஎஸ் புள்ளிகள் நான்கும் நிலையானவை. இரண்டு முனையிலும் கட்டிவிட்டால் நடுவில் இருப்பது தானாக இடத்துக்கு வந்துவிடும். பதினோரு வருடமாக நான் இப்படித்தான் செய்கிறேன், யாரும் திருப்பி அனுப்பியதில்லை. மறுபடி ஓட்டினால் ஆள் கூலி யார் தருவார்கள்?


பழைய செயின்மேன்:

தம்பி குன்னூர், இன்றைக்குப் பௌடிச் போட வேண்டாம். நீங்கள் எழுதியதிலேயே பாதிப் பதில் இருக்கிறது. அமராவதிக்கரை சொல்வதன் சிரமம் எனக்குத் தெரியும். கூலிக் கவலை உண்மையானது. ஆனால் இந்த 1.16 மீட்டரைப் பங்குபோட்டால் அது காணாமல் போகாது, சாலை முழுக்கப் பரவி உட்கார்ந்துகொள்ளும்.

முதலில் அந்தப் பிழை எந்தத் திசையில் போகிறது என்று பாருங்கள். கிழக்கே 0.89, வடக்கே 0.75 என்றால் பேரிங் 50 டிகிரி. உங்கள் ஜிபி2–ஜிபி3 கோடு 54 டிகிரி. ஏறத்தாழ ஒரே திசை. அதாவது நீங்கள் ஜிபி3ஐ நோக்கி நேராகத்தான் போயிருக்கிறீர்கள், ஆனால் அதைத் தாண்டிப் போய் நின்றிருக்கிறீர்கள். கோட்டின் போக்கில் 1.16 மீ., பக்கவாட்டில் 8 செ.மீ.தான். கோணம் கெட்டிருந்தால் பக்கவாட்டில் இழுத்திருக்கும். போக்கிலேயே நீண்டிருப்பதால் குற்றம் தூரத்தில்.

அடுத்து, இது தற்செயல் பிழையா என்று ஒரு சின்னக் கணக்கு. உங்கள் கருவி ஒரு லெக்குக்கு 3 மி.மீ. தவறும் என்று தாராளமாக வைத்துக்கொள்வோம். சில லெக்கில் கூடும், சிலவற்றில் குறையும். 24 லெக்குக்கு 24இன் வர்க்கமூலத்தால் பெருக்கினால் 15 மி.மீ. வருகிறது. உங்களுக்கு வந்திருப்பது அதைப்போல எழுபத்தைந்து மடங்கு. எல்லா லெக்கும் ஒரே பக்கம் சாய்ந்தால்தான் இவ்வளவு சேரும். இதைத்தான் புத்தகத்தில் முறைசார் பிழை, சிஸ்டமேட்டிக் எரர் என்று எழுதியிருப்பார்கள். ஜிபி1–ஜிபி2, ஜிபி3–ஜிபி4 இரண்டிலும் உங்கள் அளவுதான் கூட வருகிறது, கவனித்தீர்களா? இரண்டு முனையிலும் டிஜிபிஎஸ் ஒரே மாதிரி தப்புப் பண்ணுவது அபூர்வம்.

பஸ் நிறுத்தத்து லூப் ஏன் மூடியது? ரப்பர் தாளில் ஒரு வட்டம் வரைந்து நாலு பக்கமும் சமமாக இழுங்கள். வட்டம் பெரிதாகும், எங்கேயும் வாய் திறக்காது. தூரமெல்லாம் ஒரே விகிதத்தில் கூடியிருந்தால், கிளம்பின இடத்துக்கே திரும்பி வரும் டிராவர்ஸில் போகும்போது கூடியது வரும்போது கழிந்துவிடும். லெக்குக்கு இத்தனை மி.மீ. என்று மாறாத அளவில் கூடினாலும், எட்டு லெக்கும் ஏறக்குறைய ஒரே நீளம் என்றால் பெரும்பகுதி கழிந்துவிடும். ஆகவே 1:28,000 என்பது உங்கள் கோணங்கள் ஒழுங்கு, கவனமாகச் சென்டர் செய்திருக்கிறீர்கள் என்பதற்குச் சாட்சி. தூரம் சரியா என்று அந்த லூப்புக்குத் தெரியாது.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு வாய்க்காலுக்கு 6 கிலோமீட்டர் டேப் பிடித்தோம். 30 மீட்டர் எஃகு டேப். எங்களுக்கு முன்னால் யாரோ அதை அறுத்து, பித்தளைத் தகடு வைத்து ரிவிட் அடித்து ஒட்டியிருந்தார்கள். ரிவிட்டுக்கு இரண்டு பக்கமும் எண்கள் தொடர்ச்சியாகத்தான் இருந்தன. ஆனால் அந்த இடத்தில் இரண்டு முனையையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு ஒட்டியதில் 12 மி.மீ. விழுங்கப்பட்டிருந்தது. நாங்கள் வழியில் மூன்று லூப் மூடினோம், மூன்றும் அழகாக மூடின. எதிர்முனையிலிருந்து வந்த குழுவின் கல்லோடு சேரும்போது 2.4 மீட்டர் இடித்தது. நாங்கள் அவர்களைக் குற்றம் சொன்னோம். இரண்டு நாள் கழித்து எங்கள் தலைவர் இரண்டு டேப்பையும் பள்ளிக்கூட வராந்தாவில் பக்கத்தில் பக்கத்தில் விரித்துப் போட்டார். அந்த ரிவிட்டை விரலால் தடவிப் பார்த்தது இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. ஒரு தடவைக்கு 12 மி.மீ. 200 தடவை இழுத்ததில் 2.4 மீட்டர்.

சரி, பௌடிச் போட்டால் என்ன கெடும் என்று கேட்பீர்கள். பௌடிச் ஒவ்வொரு லெக்குக்கும் அதன் நீளத்துக்கு ஏற்றபடி, குளோசிங் எரருக்கு நேர் எதிர்த் திசையில், உங்கள் விஷயத்தில் தென்மேற்கே தள்ளும். வடகிழக்கே போகும் லெக் அதனால் குறையும், நல்லது. கொண்டை ஊசி வளைவில் உங்கள் சாலை ஒரு துண்டுக்குத் திரும்பித் தென்மேற்கே போகும் அல்லவா? அந்த லெக்கையும் நீங்கள் கூடுதலாகத்தான் அளந்திருக்கிறீர்கள். பௌடிச் அதையும் தென்மேற்கே தள்ளும், அதாவது இன்னும் நீட்டும். ஏற்கெனவே நீண்டதை மேலும் நீட்டினால் வளைவின் வடிவமே கெடும். தடுப்புச்சுவர் வரப்போவது அங்கேதானே? லீஸ்ட் ஸ்கொயர்ஸும் இதையே கொஞ்சம் நாகரிகமாகச் செய்யும். போக்கில் இருக்கும் லெக்கைக் குறைக்கும், திரும்பிப் போவதை நீட்டும், கோணங்களையும் சேர்த்து வளைக்கும். உங்கள் மென்பொருள் காட்டிய திருத்தங்களில் கொண்டை ஊசி லெக்குகளின் குறியைப் பாருங்கள், ப்ளஸ் இருக்கும். 3 மி.மீ. கருவிக்கு 5 செ.மீ. திருத்தம் என்று அது சொல்வது ஒரு புகார். ஆயத்தொலைவு வந்துவிட்டது என்று அதைத் தள்ளிவிடாதீர்கள். அந்த முறை, பிழைகள் கூடவும் குறையவும் சமமாக வரும் என்று நம்பிக் கட்டப்பட்டது. ஒரே பக்கம் சாய்ந்த பிழையைக் கொடுத்தால் அதற்குச் செய்யத் தெரிந்தது பங்கு போடுவது மட்டும்தான்.

அதோடு, டீடெயில் எடுத்த புள்ளிகள் இருக்கின்றன. சிறுபாலம், மின்கம்பம், தேயிலைத் தோட்டத்து வேலி. அவற்றின் தூரம் எதையும் எந்த அட்ஜஸ்ட்மென்ட்டும் தொடாது. ஸ்டேஷன் நகர்ந்தால் கூடவே நகரும், அவ்வளவுதான்.

இப்போது தேட வேண்டிய இடங்கள். என் மனதில் மூன்று இருக்கின்றன.

பிரிஸம் யாருடையது? கருவியோடு வந்ததா, வாடகைக்கு எடுத்ததா? பிரிஸம் கான்ஸ்டன்ட், அதாவது அந்தப் பிரிஸத்துக்காகத் தூரத்தில் சேர்க்கும் மி.மீ. திருத்தம், என்ன போட்டிருக்கிறீர்கள்? நாளை காலை மழை விட்டதும் சமதரையில் ஏ, பி, சி என்று ஒரே நேர்கோட்டில் மூன்று புள்ளி வையுங்கள். ஏ–பி, பி–சி, ஏ–சி மூன்றையும் ஃபோர்சைட்டுக்கு (முன்னால் இருக்கும் புள்ளிக்கு) வைத்த அதே பிரிஸத்தில் அளங்கள். ஏ–சியிலிருந்து மற்ற இரண்டின் கூட்டுத்தொகையைக் கழியுங்கள். சுழி வர வேண்டும். வராவிட்டால் வரும் எண்தான் நீங்கள் ஒவ்வொரு தூரத்துக்கும் போட வேண்டிய திருத்தம், குறியோடு சேர்த்து. இந்தச் சோதனைக்குச் சரியான தூரம் எவ்வளவு என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை, அதுதான் இதன் அழகு. மூன்று தடவை திரும்பச் செய்யுங்கள்.

இன்னொன்று கேட்கிறேன், பேக்சைட்டுக்கு (பின்னால் விட்டு வந்த புள்ளிக்கு) தூரம் எடுத்தீர்களா? இல்லை என்றுதான் நினைக்கிறேன். எடுத்திருந்தால் ஒவ்வொரு லெக்குக்கும் போகவும் வரவும் இரண்டு தூரம் இருந்திருக்கும்.

அடுத்தது காற்று. கருவி அனுப்பும் ஒளியின் வேகம் காற்றின் அடர்த்தியைப் பொறுத்தது. வெப்பநிலை 1 டிகிரி மாறினால் சுமார் 1 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு, கிலோமீட்டருக்கு 1 மி.மீ.). அழுத்தம் 10 ஹெக்டோபாஸ்கல் மாறினால் சுமார் 3 பிபிஎம். ஊட்டி உயரத்தில் அழுத்தம் 780 அளவில்தான் இருக்கும், கருவி கடல்மட்டத்து 1013இல் நின்றுகொண்டிருக்கும். 1802இல் சர்வேயர் லாம்டன் பரங்கிமலையில் ஏழரை மைலுக்கு ஆதாரக்கோடு அளந்தபோது, 100 அடி எஃகுச் சங்கிலியை மரப்பெட்டிகளில் கிடத்தி, பக்கத்தில் வெப்பமானி வைத்துப் படித்துக்கொண்டே போனார். 10 டிகிரி சூட்டுக்கு அந்தச் சங்கிலி மூன்றரை மி.மீ. நீளும், அதற்காக அவ்வளவு பாடு. நமக்கு இரண்டு பொத்தான்தான், அதையும் அழுத்தாமல் விடுகிறோம்.

மூன்றாவது, தரைத் தூரத்தை அப்படியே யூடிஎம்மில் போட்டது. அதை என்னைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர்கள் இங்கே இருக்கிறார்கள்.


கட்டம்43:

செயின்மேன் ஐயா கூப்பிட்டதுபோல் இருந்தது. மூன்றாவதை நான் எடுத்துக்கொள்கிறேன்.

டோட்டல் ஸ்டேஷன் அளப்பது 2,240 மீட்டர் உயரத்தில் தரைமேல் இருக்கும் தூரம். யூடிஎம் ஆயத்தொலைவு எலிப்சாய்டு (பூமியின் வடிவத்துக்குக் கணக்கில் எடுத்துக்கொள்ளும் வழுவழுப்பான பரப்பு) மேல் இறக்கி, அப்புறம் தட்டைத் தாளில் படிய வைத்த தூரம். இரண்டு படி. உயரத்தால் குறைவது முதல் படி. ஒவ்வொரு 6.4 மீட்டருக்கும் 1 பிபிஎம். இங்கே ஒரு இடறல் உண்டு, எலிப்சாய்டு உயரத்தைத்தான் எடுக்க வேண்டும். நம் பக்கத்தில் எலிப்சாய்டு கடல்மட்டத்தைவிட மேலே இருப்பதால், உங்கள் சாலையின் எலிப்சாய்டு உயரம் சுமார் 2,150 மீட்டர்தான். கடல்மட்ட உயரத்தைப் போட்டால் 14 பிபிஎம் தவறும், 2,400 மீட்டரில் மூன்றரை செ.மீ. டிஜிபிஎஸ் அறிக்கையில் எலிப்சாய்டு உயரம் இருக்கும், அதையே எடுங்கள். கணக்கு: −338 பிபிஎம்.

இரண்டாவது படி, மண்டலத்தின் ஸ்கேல் ஃபாக்டர். 43ஆம் மண்டலத்தின் நடுக்கோடு கிழக்கு 75 டிகிரி. அங்கே 0.9996. விலக விலக ஏறும். ஊட்டி 76.7 டிகிரியில் இருக்கிறது, அங்கே 1.000025 வருகிறது. இரண்டையும் சேர்த்தால் 0.999687, அதாவது கிலோமீட்டருக்கு 31 செ.மீ. குறைய வேண்டும். உங்கள் 2,400 மீட்டருக்கு 75 செ.மீ. அது அப்படியே உங்கள் 1.16இல் உட்கார்ந்திருக்கிறது.

தமிழ்நாட்டில் இதை ஊருக்கு ஊர் தனியாகப் போட்டாக வேண்டும். 78 டிகிரியில் மண்டலம் மாறுகிறது. திண்டுக்கல் 43ஆம் மண்டலத்தின் கடைசி ஓரத்தில் இருப்பதால் அங்கே தரையைவிடக் கட்டத்தூரம் (யூடிஎம் ஆயத்தொலைவிலிருந்து வரும் தூரம்) கிலோமீட்டருக்குக் கிட்டத்தட்ட 90 செ.மீ. கூட. சென்னை 44இல் நடுக்கோட்டுக்குப் பக்கம், அங்கே 30 செ.மீ. குறைவு. ஊட்டியிலும் குறைவுதான், ஆனால் காரணம் உயரம். ஒரு ஊரின் எண்ணை இன்னொரு ஊருக்கு எடுத்துப் போகாதீர்கள். குறியே மாறிவிடும்.

காற்றழுத்தம் பற்றி ஒரு எச்சரிக்கை. செல்போன் வானிலை ஆப்பில் ஊட்டிக்கு 1012, 1014 என்று காட்டும். அது கடல்மட்டத்துக்கு மாற்றிக் காட்டும் எண். அதைக் கருவியில் போட்டால் போடாதது போலத்தான். ஸ்டேஷனில் உண்மையில் இருக்கும் அழுத்தம் வேண்டும். கையில் பாரோமீட்டர் இல்லாவிட்டால் கருவியிலேயே உயரத்தைக் கொடுக்கும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள்.

பிரிஸம் விஷயத்தில் ஒன்று சேர்க்கிறேன். எண்ணைக் கருவிக்குக் கருவி ஒப்பிடாதீர்கள். லைக்கா கருவியில் 0 என்று சொல்லும் வட்டப் பிரிஸம் மற்றவர்கள் கணக்கில் −34.4 மி.மீ. வெளியில் −30 என்று விற்கும் பிரிஸத்துக்கு லைக்காவில் +4.4 போட வேண்டும். எண்ணை நம்புவதைவிட ஐயா சொன்ன மூன்று புள்ளிச் சோதனைதான் பாதுகாப்பு.


குன்னூர்ப்பையன்:

ஐயா, கட்டம் அண்ணா, இருவருக்கும் நன்றி. அலுவலகத்தில் இரண்டு நாள் கேட்டு வாங்கினேன்.

நேற்றுக் காலை பள்ளி மைதானத்தில் மூன்று புள்ளி வைத்தேன். ஏ–பி 41.283, பி–சி 38.946. கூட்டினால் 80.229. ஏ–சி 80.200. வித்தியாசம் −29 மி.மீ. கருவியை இறக்கி ஏற்றி இன்னும் இரண்டு முறை எடுத்தேன், இரண்டும் −30.

பிரிஸத்தைக் கழற்றிப் பார்த்தேன். அதன் கூட்டில் இரண்டு பக்கமும் திருகு இருக்கிறது, ஒரு பக்கம் 0 என்றும் மறுபக்கம் −30 என்றும் பொறித்திருக்கிறது. எந்தப் பக்கம் திருகுகிறோமோ அதுதான் கான்ஸ்டன்ட். என் கருவியில் 0 போட்டிருந்தேன், பிரிஸம் −30 பக்கத்தில் திருகியிருந்தது. ஃபோர்சைட் பிடிக்கும் அண்ணனிடம் கேட்டேன். முதல் நாள் மழையில் சேறு அடித்துவிட்டது, கழற்றித் துடைத்துத் திரும்ப மாட்டினேன் என்றார். அவர்மேல் தப்பில்லை. இரண்டு பக்கமும் திருகலாம் என்று நான்தான் அவருக்குச் சொல்லித் தரவில்லை.

ஐயா கேட்டதுபோல் பேக்சைட்டுக்குத் தூரம் எடுக்கவில்லை. பேக்சைட் பிரிஸம் வேறு ஒன்று, அது 0 பக்கத்தில்தான் இருந்தது. இரண்டாவது ஸ்டேஷனில் ஒரு தடவை பேக்சைட் தூரம் எடுத்திருந்தால் அங்கேயே 30 மி.மீ. இடித்திருக்கும். இதை நினைத்து நேற்று இரவு தூங்கவில்லை.

கருவியில் 1013 ஹெக்டோபாஸ்கல், 12 டிகிரி என்று பழைய எண்ணே இருந்தது. டிராவர்ஸ் ஓட்டிய நாள் வெப்பநிலை 14 டிகிரி. கருவியின் கையேட்டுச் சூத்திரத்தில் 780ஐயும் 14ஐயும் போட்டால் +67 பிபிஎம் வருகிறது.

ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். முதலில் ஒவ்வொரு லெக்கிலும் 30 மி.மீ. கழித்தேன், 1.16 என்பது 0.62 ஆனது. சந்தோஷப்பட்டேன். அப்புறம் காற்றுத் திருத்தம், 0.77 ஆகிவிட்டது! கூடிவிட்டதே என்று முதலில் அதை எடுத்துவிட நினைத்தேன். பிறகு கட்டம் அண்ணா சொன்ன 0.999687ஐப் போட்டேன். 8 செ.மீ. 1:38,000க்குக் கொஞ்சம் கீழே.

ஜிபி1–ஜிபி2 கணக்கும் பொருந்துகிறது. பிரிஸத்தால் 30, கட்டத்தால் 58, காற்றால் −12, மொத்தம் 76 மி.மீ. நான் அளந்தது 7.6 செ.மீ. ஜிபி3–ஜிபி4இல் 30, 66, −14, அதாவது 82. அதுவும் அப்படியே. டிஜிபிஎஸ் குழுவை நான் தேவையில்லாமல் சந்தேகப்பட்டுவிட்டேன். அவர்களிடம் போன் பண்ணிச் சொல்லிவிட்டேன்.

ஐயா சொன்னதுபோல் பழைய லீஸ்ட் ஸ்கொயர்ஸ் தாளைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். கொண்டை ஊசியில் திரும்பிப் போகும் மூன்று லெக்குக்கும் ப்ளஸ்தான் போட்டிருந்தது.

இன்னும் இரண்டு கேள்வி. மீதி 8 செ.மீ.க்கு இப்போது பௌடிச் போடலாமா? அப்புறம், டிராயிங்கைக் கட்டத்தில் கொடுத்தால் கான்ட்ராக்டர் தளத்தில் டேப் பிடிக்கும்போது ஒத்து வராதே, என்ன செய்வது?


பழைய செயின்மேன்:

தம்பி, நீங்கள் காற்றுத் திருத்தத்தை எடுத்துவிட நினைத்துவிட்டு எடுக்காமல் வைத்தீர்கள் பாருங்கள், இந்த வேலையில் அதுதான் எனக்குப் பிடித்தது. உங்கள் மூன்று பிழைகளில் இரண்டு ஒரு பக்கம் இழுத்தன, ஒன்று எதிர்ப்பக்கம் இழுத்தது. குளோசிங் எரர் குறைகிறதா என்று பார்த்துப் பார்த்துத் திருத்தம் போடுகிறவர் அந்த மூன்றாவதைத் தூக்கி எறிந்துவிட்டு, 16 செ.மீ.ஐ நிரந்தரமாக உள்ளே வைத்திருப்பார். காரணம் தெரிந்த திருத்தத்தைப் போட வேண்டும், முடிவு எப்படி வந்தாலும்.

இப்போது மிஞ்சிய 8 செ.மீ. எந்தத் திசையில் என்று பார்த்தீர்களா? நீங்கள் கொடுத்த எண்ணை வைத்துப் போட்டால் போக்கில் 2 செ.மீ., பக்கவாட்டில் 8. முதல் நாளும் பக்கவாட்டில் இதே 8 செ.மீ.தான் இருந்தது, நாம் அதைத் தொடவே இல்லை. 5 விநாடிக் கருவியில் 25 ஸ்டேஷன் கோணம் ஏறினால், இரண்டு முனையிலும் கட்டிய பிறகும் நடக்கக்கூடிய அளவுதான் அது. இதைப் பங்கு போடலாம். லீஸ்ட் ஸ்கொயர்ஸே போடுங்கள். மென்பொருள் கையில் இருக்கிறது, கோணத்தையும் தூரத்தையும் அதனதன் நம்பகத்துக்கு ஏற்றபடி எடைபோடும். பௌடிச் போட்டாலும் இந்த அளவில் பெரிய வித்தியாசம் வராது. தூரத் திருத்தங்கள் இப்போது சில மில்லிமீட்டரில் ப்ளஸும் மைனஸுமாகக் கலந்து வர வேண்டும். மறுபடியும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தால் எனக்கு எழுதுங்கள்.

மறுபடி ஓட்ட வேண்டிய அவசியம் இல்லை. பிரிஸம் எந்த நாளிலிருந்து மாறியது என்று மட்டும் ஃபீல்டு புத்தகத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள். முதல் நாள் மழைக்கு முன்னால் எடுத்த லெக் ஏதாவது இருந்தால் அதற்கு 30 கழிக்கக் கூடாது. 24 லெக்குக்கும் கழித்ததில் 8 செ.மீ. வந்திருப்பதால் எல்லாம் மழைக்குப் பிறகுதான் என்று தோன்றுகிறது, இருந்தாலும் பாருங்கள். டீடெயில் புள்ளிகளுக்கும் அதே பிரிஸமா என்று அந்த அண்ணனிடமே கேளுங்கள். அவருக்கு ஞாபகம் இருக்கும், நம் ஆட்களுக்கு எந்த நாள் எந்தக் கம்பு பிடித்தோம் என்பது மறக்காது. பஸ் நிறுத்தத்து லூப்பையும் திருத்தி எழுதுங்கள். மூடியது என்பதற்காக அதை விட்டுவிடாதீர்கள், அதிலும் லெக்குக்கு 30 மி.மீ. இருக்கிறது.

கான்ட்ராக்டர் விஷயம். டிராயிங்கில் தலைப்புக் கட்டத்துக்குப் பக்கத்தில் பெரிதாக எழுதுங்கள்: ஆயத்தொலைவு யூடிஎம் 43, தரைத் தூரம் வேண்டுமானால் கட்டத்தூரத்தை 0.999687ஆல் வகுக்கவும், 100 மீட்டருக்கு 31 மி.மீ. கூடும். அவருடைய ஆள் 20 மீட்டர் தடுப்புச்சுவருக்கு டேப் பிடித்தால் 6 மி.மீ.தான் வித்தியாசம், சுவருக்கு அது ஒன்றும் செய்யாது. 2 கிலோமீட்டர் செயினேஜ் (சாலைத் தொடக்கத்திலிருந்து வரும் நீளக் கணக்கு) ஓட்டினால் 60 செ.மீ. தள்ளும், அங்கேதான் சண்டை வரும். அவர் டோட்டல் ஸ்டேஷனில் செட்டிங் அவுட் செய்தால், அதாவது டிராயிங் புள்ளிகளைத் தரையில் குறித்தால், கருவியிலேயே அந்த ஃபாக்டரைப் போடச் சொல்லுங்கள். ஒரே ஒரு இடத்தில். நீங்கள் கணக்கில் ஒரு தடவை, அவர் கருவியில் ஒரு தடவை என்று இரண்டு முறை போட்டுவிட்டு வந்து நின்ற தளங்களை நான் பார்த்திருக்கிறேன்.


அமராவதிக்கரை:

குன்னூர்த் தம்பி, நான் சொன்னதைக் கேட்காமல் விட்டது நல்லதாகப் போயிற்று. இன்றைக்கு என் பிரிஸங்களை எல்லாம் எடுத்துப் பார்த்தேன். நான்கில் ஒன்று −30 பக்கத்தில் திருகியிருந்தது. எப்போதிலிருந்து அப்படி இருக்கிறது என்று தெரியவில்லை. போன மாதம் முடித்த இரண்டு வேலைகளின் ஃபீல்டு புத்தகத்தை எடுத்து வைத்திருக்கிறேன். அதில் ஒன்றில் பேக்சைட் தூரம் எடுத்திருக்கிறேன், அங்கிருந்து தொடங்குகிறேன்.